லினக்ஸா, விண்டோஸா? வாதத்தில் இறங்கும் முன் ஒரு பென் டிரைவை எடுங்கள்

மன்னார்குடியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் இரண்டு பேருக்கு இடையே, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளங்களில் எது நல்லது என்ற இந்த வாதம் ஓய்ந்ததே இல்லை. ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன். இருபது வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக் கொடுப்பவர். இன்னொருவர் சென்னையில் சர்வர் வேலை பார்க்கும் தம்பி. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார். "விண்டோஸ் இல்லாம ஒரு நாள் என் கடையைத் திறந்து பாரு தம்பி" என்பார் அண்ணன். "உங்க சட்டைப் பையில இருக்கிற போனே லினக்ஸ்லதாண்ணே ஓடுது" என்பார் தம்பி. இரண்டும் உண்மை. போனில் இருக்கும் ஆண்ட்ராய்டின் கெர்னல், அதாவது அதன் மையப் பகுதி, லினக்ஸ்தான். அண்ணன் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் லினக்ஸுக்கு வந்ததே இல்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியோடு அந்தக் கடைக்கு வந்தார். கோட்டூர் பக்கம் ஊர், அப்பாவுக்கு ஆறு மா நிலம், படிப்பு பி.காம். இவருடைய கூடப்பிறந்த அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி இப்போது இவர் கையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. புதுக் கணினி வாங்கித்தான் ஆகவேண்டுமா என்று கேட்க வந்திருந்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டு, கணினியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் அவரோடு உட்கார்ந்து நான் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்த வாதத்துக்குப் புதிதாக வருகிற யாரும் இதே வழியில் போகலாம்.

1. உங்கள் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த இயங்குதளம் சிறந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். உங்கள் வேலைகளை எழுதி, அவற்றில் எது எங்கே ஓடும் என்று பாருங்கள். அந்தப் பெண் எழுதிய பட்டியல் இது: கல்லூரிப் பிராஜெக்ட் தட்டச்சு செய்வது, கொஞ்சம் தமிழில், எக்செல் கணக்கு, பாட வீடியோ பார்ப்பது, உதவித்தொகை விண்ணப்பம், அப்பாவுக்குச் சிட்டா எடுத்துக் கொடுப்பது, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பயிற்சி.

முதல் ஐந்தும் எங்கேயும் ஓடும். சிட்டா, விண்ணப்பம், வீடியோ எல்லாம் பிரவுசர் வேலை. தட்டச்சுக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். ஆறாவதில்தான் சிக்கல். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். லினக்ஸில் சுற்றுவழியில் ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணை அந்தப் பரிசோதனையில் இறக்கிவிட எனக்கு மனமில்லை. உங்கள் பட்டியலிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். கோரல் டிரா, போட்டோஷாப், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், இ-சேவை மையத்துக் கைரேகைக் கருவி, இவற்றில் எது இருந்தாலும் அதை அடிக்கோடிடுங்கள். முடிவு பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

2. வாதிடுகிறவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிரித்துக் கேளுங்கள்

திறந்த மூல இயங்குதளம் என்றால் அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும். எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். லினக்ஸும், அதன்மேல் கட்டிய டெபியன், உபுண்டு, மின்ட் போன்றவையும் இந்த வகை. தனியுரிம இயங்குதளத்தில் நிரல் நிறுவனத்திடமே இருக்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது பயன்படுத்தும் உரிமத்தை மட்டும்தான். விண்டோஸ் அப்படி. மேக்ஓஎஸ்ஸின் அடித்தளத்தில் சில பகுதிகள் திறந்தவை என்றாலும் மொத்தத்தில் அதுவும் தனியுரிமம்தான்.

இந்த வாதத்துக்கு வயது ஐம்பது ஆகிறது. பேசிக் என்ற நிரல் மொழிக்கான தங்கள் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று கணினி ஆர்வலர்களுக்கு பில் கேட்ஸ் திறந்த கடிதம் எழுதியது 1976-இல். யாரும் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தைக் கட்டப் போகிறேன் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983-இல். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் பற்றி முதன்முதலில் அறிவித்தார். சில மாதங்களிலேயே, 1992 ஜனவரியில், பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அதன் கட்டமைப்பு காலாவதியானது என்று எழுத, இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். லினக்ஸ் நிலைத்துவிட்டது. 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேக 500 சூப்பர் கணினிகளின் பட்டியல் முழுவதும் லினக்ஸ்தான். ஆனாலும் வீட்டு மேசையில் விண்டோஸ்தான் அதிகம். இதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு இரு தரப்பும் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும்.

கேட்கும்போது நான்கு பேச்சுகளைக் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பேச்சு சுதந்திரம். இது பலருக்கு 'இலவசம்' என்றே காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் அங்கே குழப்பம் பெரிது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழிலேயே தெளிவாக இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கும் விற்கலாம். வாங்கியவர் கையைக் கட்டக்கூடாது, அவ்வளவுதான்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க நான் விதையைத்தான் எடுப்பேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாரம்பரிய ரக விதை இரண்டு கிலோ வாங்கிப் போகிற விவசாயி, அடுத்த வருடம் நான்கு கிலோவாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் அப்படித்தான் வயலுக்கு வயல் பரவின. லினக்ஸ் கெர்னல் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்திலும் இதே மனசு இருக்கிறது. எடுத்துக்கொள், திருத்து, திருத்தியதை வெளியே கொடுத்தால் நிரலையும் அதே நிபந்தனையில் கொடு. ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தினால் ஜிபிஎல் எதையும் திருப்பிக் கேட்காது. எம்ஐடி, பிஎஸ்டி மாதிரியான உரிமங்கள் இன்னும் தளர்வானவை, திருத்தியதை மூடிவைத்துக்கொள்ளவும் விடும். எது உண்மையான சுதந்திரம் என்று லினக்ஸ்காரர்களுக்குள்ளேயே இன்னொரு வாதம் இதில் நடக்கிறது. தொடக்கத்தில் அதற்குள் போகவேண்டாம்.

இரண்டாவது பேச்சு காசு. "எனக்கு விண்டோஸும் சும்மாதானே கிடைத்தது" என்பார்கள். கணினியோடு வந்த உரிமம் என்றால் அதன் விலை கணினி விலைக்குள்ளேயே இருக்கிறது. யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு நகல் என்றால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பூட்டை உடைக்கிற அந்தச் சின்ன மென்பொருளை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதன் வழியாக என்ன உள்ளே வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கணினியிலேயே அப்பாவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

மூன்றாவது பாதுகாப்பு. "நிரல் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும்" என்று ஒரு தரப்பு. "திருடனும்தானே பார்ப்பான்" என்று மறுதரப்பு. 2024-இல் நடந்த இரண்டு சம்பவங்களை நினைவில் வையுங்கள். மார்ச்சில், லினக்ஸ் பலவற்றில் இருக்கும் எக்ஸ்இஸட் என்ற சிறிய மென்பொருளுக்குள் ஒருவர் இரண்டு வருடம் நல்லவர் போலப் பங்களித்து நம்பிக்கை பெற்று, ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு நிரலைத் தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. திறந்திருந்தும், அதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அதே ஆண்டு ஜூலை 19-இல், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள் ரத்தாயின. என்னைக் கேட்டால், வீட்டுக் கணினிக்கு ஆபத்து எந்த முகாமில் இருக்கிறோம் என்பதால் வருவதைவிட, அப்டேட் போடாமல் விடுவதாலும் கண்டதையும் இறக்குவதாலும்தான் அதிகம் வருகிறது.

நான்காவது பிழைப்பு. ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ் தெரிய வேண்டும், சர்வர் வேலைக்கு லினக்ஸ் தெரிய வேண்டும். இரண்டும் கற்றவருக்கு நஷ்டமில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினி வகுப்புகள் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கின்றன. நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும், தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அதைத் திறந்து காட்டச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் வருத்தம். பாஸ் என்பது என்ன என்றே தெரியாமல் அதை அழித்துவிட்டு இடத்தை எடுத்துக்கொண்ட மாணவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் போக, எந்த லினக்ஸ் என்று ஒரு கிளைச் சண்டை உண்டு. புதியவர்கள் மின்ட் அல்லது உபுண்டு எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

3. கணினியைத் திறந்து பாருங்கள்

ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா, பிராசஸர் எந்தத் தலைமுறை, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகவேண்டும். அதற்கு முந்தைய கணினிகள் அதிகாரபூர்வமாக வெளியே. அந்தப் பெண்ணின் கணினியும் வெளியேதான் நின்றது. மின்ட்டின் லேசான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ 2 ஜிபி ரேமில் எழும். ஆனால் பிரவுசரில் நான்கு பக்கம் திறக்க 4 ஜிபியாவது வேண்டும். லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். இயங்குதளம் லேசாகும், இணையப் பக்கங்கள் லேசாகாது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி மாட்டினால் எந்த இயங்குதளத்திலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

விண்டோஸ் 10-இலேயே இருந்தாக வேண்டும் என்றால், பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அமைப்புகளில் அப்டேட் பக்கத்தில் சேரலாம்.

4. முதலில் நகல், பிறகு மற்றதெல்லாம்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஓட்டு வீட்டுக்குள் மழை இறங்கி, பீரோவோடு சேர்ந்து என் கணினியும் நனைந்தது. கரண்டு வர வாரக்கணக்கானது. வந்த பிறகு டிஸ்க் சுழலவே இல்லை. தங்கையின் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. அன்றிலிருந்து யார் கணினியைத் தொட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நகல் எங்கே?

ஒரு வெளி டிஸ்க்கில் ஒரு நகல், வேறு ஒரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு நகல். எடுத்ததும் இரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள். கூடவே, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போட்டிருக்கிறதா என்று விண்டோஸ் அமைப்புகளில் பாருங்கள். போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் மேலே போகக்கூடாது. லினக்ஸ் நிறுவப்போன இடத்தில் விண்டோஸ் திடீரென்று அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும்.

5. பென் டிரைவ் தயார் செய்வது

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலி செய்துகொள்ளுங்கள். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பு சுமார் 3 ஜிபி வரும். இங்கே பலரும் தவறுவது டேட்டாவில். ஒரு நாளுக்கு 1.5 ஜிபி தரும் போன் பேக்கில் இது ஒரே நாளில் இறங்காது, பாதியில் நின்றால் கோப்பு கெட்டுப் போகலாம். பைபர் இணைப்பு இருக்கும் வீட்டிலோ கடையிலோ இறக்குவது நல்லது. கட்டாயம் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடும் வழியும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை, தவிர்க்க வேண்டாம்.

பிறகு விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, 'ஸ்டார்ட்' அழுத்தினால் போதும். கோப்பை வெறுமனே பென் டிரைவில் காப்பி செய்தால் அது எழாது.

6. நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கும்போது பூட் மெனுப் பொத்தானைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் முழுதாக எழுந்து நிற்கும். உங்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. பென் டிரைவில் ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை இதை வைத்து எடைபோடாதீர்கள். அணைத்தால் நீங்கள் செய்ததெல்லாம் போய்விடும்.

இப்போது அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகச் செய்து பாருங்கள். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, கேமரா, பிரிண்டர், மூடித் திறந்தால் திரை திரும்ப எழுகிறதா. அந்தப் பெண்ணின் கணினியில் வைஃபை பட்டியலே வரவில்லை. முகம் வாடிவிட்டது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் போட்டோம், இணையம் உடனே வந்தது. மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தபோது அந்த வைஃபை சிப்புக்கு ஒரு தனியுரிம டிரைவர் காட்டியது. அதைத் தேர்ந்து போட்டதும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

கவனியுங்கள், திறந்த மூல இயங்குதளத்தை எழுப்பவே ஒரு தனியுரிமத் துண்டு தேவைப்பட்டது. இது கூடுமா கூடாதா என்பது ஆர்வலர்களிடையே பெரிய வாதம். கொள்கையில் கறாரான டெபியன் சமூகமே 2022-இல் வாக்கெடுத்து, வைஃபை சிப் போன்ற பாகங்களுக்குள் ஓடும் இப்படிப்பட்ட தனியுரிம ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. அடுத்து 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து அப்படித்தான். மறுபக்கமும் இப்படியே. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர். 2016-இல் அதே நிறுவனம் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் உறுப்பினரானது. இன்று விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாம். ஆகவே டீக்கடையில் யாராவது ஒரு கோட்டைக் கிழித்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டால் அவசரப்பட்டு நிற்க வேண்டாம்.

பிரிண்டர் மட்டும் எச்சரிக்கை. புதியவை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் நாள் முழுக்க முயன்றாலும் வராது. பிரிண்டரை நம்பித் தொழில் செய்கிறவர் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

7. நிறுவுவது

ஓட்டிப் பார்த்ததில் திருப்தி என்றால் மட்டும் இங்கே வாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். பழைய கணினிகளில் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் இரண்டு இயங்குதளமும் போய்விடும். மழைக்காலத்தில் யூபிஎஸ் இருக்கிற இடத்தில் செய்யுங்கள்.

டேலி இருந்ததால் அந்தப் பெண்ணுக்கு இரண்டையும் வைத்தோம். முதலில் விண்டோஸுக்குள் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்தோம். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, அந்தப் பகுதியில் லினக்ஸால் ஒழுங்காக எழுத முடியாது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து 60 ஜிபி இடம் ஒதுக்கினோம். பென் டிரைவில் எழுப்பி, மேசையில் இருக்கும் நிறுவும் ஐகானைத் திறந்து, மொழி தேர்ந்து (தமிழும் இருக்கிறது), 'மல்டிமீடியா கோடெக்ஸ்' பெட்டியை டிக் செய்தோம். அடுத்து வரும் திரைதான் முக்கியம். 'இன்ஸ்டால் அலாங்சைட்' என்றால் விண்டோஸ் பக்கத்திலேயே உட்காரும். 'எரேஸ் டிஸ்க்' என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிடும். சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டு அழுத்துங்கள். 'அலாங்சைட்' என்ற தேர்வே வரவில்லை என்றால், விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலும் பென் டிரைவ் லெகசி என்ற பழைய முறையிலும் எழுந்திருக்கலாம். இரண்டும் ஒரே முறையில் இருக்கவேண்டும். திருப்பி எழுப்பிப் பாருங்கள்.

முடிந்ததும் கணினி எழும்போது எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸுக்குப் போய்ப் பார்க்கும்போது சில கணினிகளில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பயப்பட வேண்டாம். லினக்ஸ் கணினிக்குள்ளிருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பக்கம் ஒரே வரிக் கட்டளையில் சரியாகிவிடும்.

அப்புறம், முதல் நாளே டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ஏதாவது அப்டேட்டில் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இது இயங்குதளத்தைத்தான் காக்கும், உங்கள் கோப்புகளை அல்ல. விண்டோஸ் 10-ஐ டேலிக்கு மட்டும் திறப்பது, அதில் இணையத்தை இணைப்பதில்லை என்று அந்தப் பெண் முடிவு செய்துகொண்டார்.

8. தமிழ்

நம் ஆட்கள் லினக்ஸை ஒரே நாளில் விட்டுவிட்டு ஓடுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழ் படிப்பதில் சிக்கல் இல்லை, எல்லாம் யூனிகோடில் ஒழுங்காகத் தெரியும். தட்டச்சுக்கு, மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' அமைப்பைத் திறந்து தமிழுக்கு உரிய தொகுப்பை நிறுவி, வெளியேறித் திரும்ப உள்ளே வாருங்கள். தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் இருந்தால் பட்டியலில் தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் வரும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் ஹையர் முடித்த அக்காமார்கள் டைப்ரைட்டரைத் தேர்ந்தால் கை பழகிய இடத்திலேயே எழுத்து வரும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99. உயிர் எழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அந்தப் பெண் இதைப் பத்து நாளில் பிடித்துக்கொண்டார்.

எழுத்துரு அடுத்த பிரச்சினை. விண்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த பிராஜெக்ட் லினக்ஸில் வேறு எழுத்துருவில் திறக்கும், பக்கங்கள் நகர்ந்துவிடும். தொடக்கத்திலேயே நோட்டோ தமிழ், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருவில் அடித்து, அதையே இரண்டு பக்கமும் நிறுவிக்கொண்டால் நகராது. பிரிண்ட் கடைக்கு எப்போதும் பிடிஎஃப்பாகவே கொண்டுபோங்கள்.

9. எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் கோப்புகளை விடுவியுங்கள்

டிடிபி அண்ணனை லினக்ஸுக்கு மாறச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. எனக்கு லினக்ஸ் மேல் பிரியம் அதிகம். ஆனாலும் அவர் பிழைப்பு அவர் கணினியில் இருக்கிறது. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "இருபது வருஷத்து ஃபைலும் பாமினியிலேயே கிடக்கே அண்ணே, நாளைக்கு அதை எப்படித் திறப்பீங்க?"

பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்தது கணினிக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக, ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். இயங்குதளத்தை மாற்றினாலும் இந்தப் பூட்டு மாறாது. ஆகவே இன்று அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். ஆவணங்களை வேர்டின் டாக்எக்ஸ் தவிர, ஓடிஎஃப் என்ற திறந்த வடிவத்திலும் சேமியுங்கள். அது 2006-இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பால் தரமாக ஏற்கப்பட்டது, எந்த ஒரு நிறுவனத்தையும் நம்பி இல்லாதது. பழையதில் முக்கியமானதை மாற்றியெடுங்கள்.

சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேட்கலாம். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் என்ற இணையதளம் இருக்கிறது, விழுப்புரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கேட்கும்போது "லினக்ஸ் வேலை செய்யல" என்று எழுதாமல், கணினி மாடல், எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், திரையில் வந்த வரி என்ன என்று நான்கும் எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானாகவே ஒரு பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தார். 2006-இல் அவர் அடித்த ஒரு கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, பாமினியில். அவருடைய விண்டோஸ் மடிக்கணினியிலேயே என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். மேலோட்டமாக எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'அவர்கள்' என்று தேடிப் பார்த்தால் பாதி இடத்தில் கிடைக்கவில்லை. உற்றுப் பார்த்தபோது, பழைய வழக்கத்தில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைத்திருந்தது தெரிந்தது. கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும், கணினிக்கு அது வேறு எழுத்து. தேடி மாற்றும் கட்டளை ஒன்றைப் போட்டு மொத்தத்தையும் சரிசெய்தோம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னும் நானூறு ஃபைல் இருக்கு, அடுத்த வாரமும் வரவா?" என்று கேட்டார். வரச்சொல்லியிருக்கிறேன்.